குணமாக்க இயலாதபோதும் கடமை முடிவதில்லை



“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.” இச்சொல்லைக் கேளாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. இருதயம் பலவீனமுற்று, கால் வீங்கி, படுத்தால் மூச்சுமுட்டி, இரவெல்லாம் தலையணையில் சாய்ந்திருக்கும் முதியவரின் வீட்டாரும் இதைக் கேட்கிறார்கள். குணமாக்க முடியாத இடத்தில் நமது கடமையும் முடிந்துவிடுகிறதா?

இக்கேள்விக்கு மருத்துவ ஆய்வே முதலில் பதில் தரட்டும். 2002ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தில், நுரையீரற் புற்றுநோயாளர் 20 பேரையும் முற்றிய இருதய நோயாளர் 20 பேரையும் பலமுறை சந்தித்து உரையாடி, அவர்களது அனுபவங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. புற்றுநோயாளர் தம் நிலையை அறிந்திருந்தனர், உதவியும் பெற்றனர். இருதய நோயாளரோ தமக்கு என்ன நடக்கிறது என்பதையே சரிவர அறியாதிருந்தனர். கிடைத்த உதவியும் குறைவு.

2017இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 150 இருதய நோயாளரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபகுதியினருக்கு அதனோடு தணிப்புப் பராமரிப்பும். விசேட பயிற்சி பெற்ற தாதி ஒருவர் வைத்தியரோடு இணைந்து அவர்களது உடல் வேதனை, மனக்கலக்கம், ஆன்மீகத் தேவை, எதிர்கால விருப்பங்கள் ஆகியவற்றைக் கவனித்தார். ஆறு மாதங்களில் அவர்களது வாழ்வின் தரம் உயர்ந்தது. சோர்வும் அச்சமும் தணிந்தன. ஆன்ம அமைதி வளர்ந்தது. ஆனால் ஆயுள் நீளவில்லை. வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்பச் செல்வதும் குறையவில்லை.

ஆயுள் நீளாவிட்டால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். மனிதனை நாட்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பவருக்கே அக்கேள்வி எழும். அவன் இறைவனின் சாயல் என்று நம்பும் நமக்கு, மூச்சுத்திணறும் ஓர் இரவை அச்சமின்றிக் கழிக்க உதவுவதும் பெரும் பணியே.

இங்கு இருவகைத் தவறுகள் உண்டு. ஒன்று, கைவிடுவது. மற்றது, எல்லா இயந்திரத்தையும் மாட்டினாலன்றி நாம் கொலைகாரராவோம் என அஞ்சுவது. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே இரண்டையும் தெளிவுபடுத்தினார். உயிர் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமையுண்டு. தாங்கொணாப் பாரமான அசாதாரண வழிகளுக்குக் கடமையில்லை. வேறு வழியில்லாதபோது வேதனை தணிக்கும் மருந்து கொடுக்கலாம். அதனால் ஆயுள் குறுகக்கூடுமெனினும், நோக்கம் மரணமன்று, வேதனை நீக்கமே. 1980இல் திருச்சபை வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கையும் இதையே உறுதிசெய்தது. கொல்வது வேறு, மரணத்தை ஏற்றுக்கொண்டு உடனிருப்பது வேறு.

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, ஃபாதர்” என்று கேட்கும் பிள்ளைகளின் அன்பு நமக்குப் புரிகிறது. ஆயினும் உண்மையை மறைத்தால், மனஸ்தாபம் தீர்க்கவும் பாவசங்கீர்த்தனம் செய்யவும் அவருக்குள்ள காலத்தைப் பறிக்கிறோம். நோயில் பூசுதல் மூச்சடங்கும்போது தேடும் “அவஸ்தைப் பூசுதல்” மட்டுமன்று. கடும் நோயில், நினைவுள்ளபோதே பெறவேண்டிய அருட்சாதனம்.

கலேவெலப் பகுதியில் இருந்து மாத்தளைக்கோ கண்டிக்கோ போய்வர ஒரு நாள் வேலை கெடும். எனவே பராமரிப்பின் பெரும்பகுதி வீட்டாரின் கையிலேயே உள்ளது. கருவாடும் ஊறுகாயும் விலக்குங்கள். தினமும் காலையில் நிறை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் செல்லுங்கள். வீக்கம் வற்றியதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரவில் விழித்திருக்கும் மருமகளுக்கு ஓய்வு கொடுக்க அயலவர் முறை வைத்து வாருங்கள்.

வஹகோட்டைப் புனித அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்பது நல்லதே. ஆனால் நேர்த்தி, பராமரிப்புக்கு ஈடாகாது. 1697இல் கண்டியில் வைசூரி பரவி, உறவினரே நோயாளரை விட்டோடியபோது, புனித யோசேவ் வாஸ் அடிகளாரிடம் அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. அவர் கழுவினார், ஊட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். “செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று அவர் திரும்பிப் போகவில்லை.

நம் வீட்டுத் திண்ணையில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடமிருந்து நாம் மட்டும் திரும்பிப் போகலாமா?