உறைக்குத் திரும்பும் வாள்

அக்கா மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது அவனுடைய பிளேஸ்டேஷன் 4 என் வீட்டில் தங்கிவிட்டது. அதில் 'டெவில் மே கிரை 5' என்ற விளையாட்டு இருந்தது. "மாமா, வெர்ஜிலை மட்டும் எடுத்துராதீங்க. நீரோவுல ஆரம்பிங்க. வெர்ஜில்னா ரெண்டே நாள்ல வெறுத்துப்போய் மூடி வெச்சிருவீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். நான் வெர்ஜில் என்ற அந்த வீரனைத்தான் எடுத்தேன். பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் அவனிடமே இருக்கிறேன்.

எனக்கு வயது 44. கோவை கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாப்ட் கடைவது பிழைப்பு. பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டு அதில் இரண்டு பங்கு பிசகினாலும் ஷாப்ட் வீண். கவனம் என்றால் என்ன என்பதை என் கைதான் முதலில் கற்றது. புத்தகங்கள் பிறகு வந்தன.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒசாகாவைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம் 2019 மார்ச்சில் இதை வெளியிட்டது. இயக்கியவர் இட்சுனோ ஹிதேயாக்கி. பேய்களோடு வாள்சண்டைதான் ஆட்டம். வெர்ஜிலை நாமே ஆட்டுவிக்கும் வாய்ப்பு 2020 கடைசியில் வந்தது. அவன் கையில் இருப்பது யமாட்டோ, தந்தை விட்டுச்சென்ற வாள். மற்ற வீரர்கள் வாளை ஓங்கியபடி பாய்வார்கள். வெர்ஜிலின் வாள் பெரும்பாலும் உறைக்குள் இருக்கும். உருவியது தெரிவதற்குள் வெட்டு முடிந்து மறுபடி உறைக்குள் போயிருக்கும்.

அவனுக்கென்று திரையில் மூன்று படி கொண்ட ஒரு மீட்டர் உண்டு. கான்சன்ட்ரேஷன் என்று அதற்குப் பெயர். நான் ஒருமுகம் என்கிறேன். எதிரியைக் குறிவைத்தபடி அசையாமல் நின்றால் அது ஏறும். மெல்ல நடந்தால் ஏறும். அடி சரியாகப் பட்டால் ஏறும். ஓடினால் இறங்கும். வீச்சு வீணானால் இறங்கும். அடிபட்டால் சரிந்துவிடும். மீட்டர் நிறைந்திருக்கும்போது அவன் வெட்டுக்கு வலு கூடும். நான்கு பக்கமும் பேய்கள் சூழ்ந்து வரும்போது மெல்ல நடக்கச் சொல்கிற விளையாட்டு இது. முதல் ஒரு மாதம் என்னால் முடியவில்லை. கட்டைவிரல் தானாக ஓடிற்று. பயந்தால் கால் ஓடும், கால் ஓடினால் மீட்டர் இறங்கும், மீட்டர் இறங்கினால் இன்னும் பயம் வரும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

இன்னொரு வித்தை, ஜட்ஜ்மென்ட் கட். முக்கோணப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். வாள் ஒருமுறை மின்னும். அந்த மின்னல் கணத்தில் விரலை எடுத்தால் தூரத்தில் இருப்பவனைச் சுற்றியுள்ள வெளி கிழிந்துபோகும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் சாதாரண வெட்டு. இதைப் பிசகாமல் அடுத்தடுத்து மூன்று முறை செய்ய வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. திரை ஒரு நொடியில் 60 முறை மாறுகிறது. மின்னலைப் பார்த்து, பிறகு விரலுக்குச் சொல்லி, விரல் எழுந்தால் நேரம் தப்பிவிடும். பார்ப்பதும் விடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். லேத்தில் கடைசிக் கட்டிங் எடுக்கும்போது எனக்கு அது நடக்கும். கை, டூல், சுற்றுகிற இரும்பு என்று மூன்று தனித்தனியாக இருக்காது.

போன ஆடி மாதம், காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில், அந்த மூன்று வெட்டும் அடுத்தடுத்து விழுந்தன. காதில் ஹெட்போன். உடம்பு இருப்பதே தெரியவில்லை. பத்து நாள் மௌன தியான முகாம் ஒன்றில் எட்டாம் நாள் கிடைத்த அமைதி இதே மாதிரிதான் இருந்தது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

காலையில் அம்மாவின் கட்டிலுக்கடியில் சொம்பு கவிழ்ந்து கிடந்தது; தரை ஈரம். அம்மாவுக்கு 73 வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒன்பதரை மணி மாத்திரைக்கு நான்தான் வெந்நீர் கொடுப்பேன். "மூணு தடவ கூப்பிட்டேன் கண்ணு. நீ ஏதோ முக்கியமா செஞ்சுட்டு இருந்தாப்ல இருந்துச்சு. செவுத்தப் புடிச்சுட்டு நானே போய் எடுத்துக்கிட்டேன்." குறையாகச் சொல்லவில்லை. மூன்று வெட்டு, மூன்று அழைப்பு. அன்று முழுக்கப் பட்டறையில் எனக்கு வேலை ஓடவில்லை.

ஒருமுகம் அறமா? அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

ஆம் என்றுதான் நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். துரோணர் மரத்தில் பறவையை வைத்தார். மற்றவர்களுக்குக் கிளையும் இலையும் தெரிந்தன. அர்ச்சுனனுக்குக் கண் மட்டும் தெரிந்தது. பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள் இதை விடுவதே இல்லை. துரோணரிடம் அதே வில்லைக் கற்ற அசுவத்தாமனைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. போர் முடிந்த ராத்திரி பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளைக் கொன்றவன் அவன். அந்த இருட்டில் அவன் மனம் சிதறியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

தேரவாத பௌத்தத்தின் அபிதம்மம் இதை எவ்வளவு துல்லியமாகப் பார்த்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு மேல் சிலிர்த்தது. எந்தச் சித்தம் எழுந்தாலும் கூடவே எழுகிற மனக்கூறுகள் ஏழு என்று அது எண்ணுகிறது. அந்த ஏழில் ஒன்று ஏகாக்கதை, ஒருமுகம். நல்ல சித்தத்திலும் உண்டு, கெட்ட சித்தத்திலும் உண்டு. தானம் கொடுக்கிறவனுக்கும் அது வேண்டும், திருடுகிறவனுக்கும் வேண்டும். பௌத்தத்தின் எண்வகைப் பாதையின் கடைசியில் வருவதற்கு நற்சமாதி என்று பெயர் வைத்தது காரணமில்லாமல் இல்லை. நல்லதல்லாத சமாதியும் உண்டு என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பதஞ்சலி யோகத்தின் எட்டு உறுப்புகளில் மனத்தை ஓரிடத்தில் கட்டும் தாரணை ஆறாவதாகத்தான் வருகிறது. முதலில் இயமம், அதிலும் முதலில் கொல்லாமை. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்லும்போது இயமத்திலிருந்துதான் புறப்படுகிறார். இந்த வரிசையை நான் பல முறை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது ஏன் வரிசை என்று புரிந்தது.

வெர்ஜிலின் கதையும் இதைத்தான் சொல்கிறது என்பதை, அவன் வெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்காமல் விட்டேன். தந்தை பேய் குலம், தாய் மனிதப் பெண். சிறுவனாக இருந்தபோது பேய்கள் தாயைக் கொன்றன. தனக்கு வலிமை இல்லாததால்தான் அப்படி நடந்தது என்று முடிவுகட்டி, ஆயுள் முழுவதும் வலிமையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நடக்கிறான். வாளைத் திரும்ப எடுப்பதற்காக நீரோ என்ற இளைஞனின் கையைப் பிடுங்குகிறான். அது தன் சொந்த மகன் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. பிறகு அதே வாளால் தன்னையே இரண்டாக்கி, மனிதப் பாதியைக் கழற்றி எறிகிறான். அந்தப் பாதி, கைத்தடி ஊன்றிக்கொண்டு, வில்லியம் பிளேக்கின் கவிதைப் புத்தகத்தைச் சுமந்து அலைகிறது. மிச்சம் இருக்கும் பேய்ப் பாதியின் பெயர் யூரைசன். அதுவும் பிளேக் படைத்த பாத்திரத்தின் பெயர். பறவையின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே போனவன் எங்கே போய்ச் சேர்வான் என்பதற்கு இதைவிடக் கடுமையான கதையை நான் அறியேன்.

சரி, கண்ணை மட்டும் பார்க்காத ஒருமுகம் உண்டா? ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் இதையே கேட்டிருக்கிறார்கள். தகுவான் சோஹோ என்ற ஜென் துறவி, தொகுகாவா ஷோகுன்களுக்கு வாள் கற்பித்த யாக்யு முனெனோரிக்கு எழுதியதில் இதற்கு விடை இருக்கிறது. எதிராளியின் வாளில் மனத்தை நிறுத்தாதே, உன் வாளிலும் நிறுத்தாதே, எங்கே நின்றாலும் மனம் அங்கே கட்டுண்டுவிடும் என்பது அதன் சாரம். உதாரணத்துக்கு ஆயிரம் கை போதிசத்துவர் கன்னோனைச் சொல்கிறார். வில் பிடித்த ஒரு கையில் மனம் நின்றுவிட்டால் மற்ற 999 கைகளும் பயனில்லாமல் போகும். எங்கும் நிற்காததால்தான் ஆயிரமும் வேலை செய்கின்றன.

கன்னோன் என்பது அவலோகிதேசுவரர். வீரசோழியம் என்ற இலக்கண நூலின்படி அகத்தியருக்குத் தமிழ் சொன்ன அவலோகிதன் இவரே. சீனத்திலும் ஜப்பானிலும் வழங்கும் அந்தப் பெயருக்குப் பொருள், உலகத்தின் ஒலியை, அதாவது துயரக் குரலை, உணர்கிறவர் என்பது. ஆயிரம் கைக்கும் முன்னால் ஒரு காது இருக்கிறது. தகுவானைப் படித்தபோது நான் ஹெட்போனைத்தான் நினைத்தேன்.

ஆனால் இங்கேயும் நிற்க முடியாது. எங்கும் நிற்காத மனம் என்ற அதே போதனை, கொல்லும்போது தயங்காத மனமாகவும் ஆக்கப்பட்டது. சோத்தோ என்ற ஜென் மரபில் துறவு பூண்ட பிரையன் விக்டோரியா 1997இல் 'ஜென் அட் வார்' நூலில் இதை எழுதினார். 20ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஜப்பானிய ஜென் மடங்களும் ஆசான்களும் ராணுவத்துக்கு எப்படித் துணை நின்றார்கள் என்பதைச் சான்றுகளோடு வைத்தார். சோத்தோ பிரிவு 1992இலேயே மன்னிப்பு அறிக்கை வெளியிட்டிருந்தது. ரின்சாய் மரபின் மியோஷின்ஜி 2001இல் மன்னிப்புக் கேட்டது. வாழ்நாளெல்லாம் அமர்ந்து மனத்தைப் பழக்கியவர்களுக்கே இந்த வழுக்கல் என்றால், இயமத்தைத் தாண்டிக் குதிக்க யாருக்கும் உரிமை இல்லை.

எனக்குக் கிடைத்த விடை அசுவத்தாமனிடமே இருந்தது. ராத்திரிக் கொலைக்குப் பிறகு பாண்டவர்கள் துரத்தி வருகிறார்கள். அவன் ஒரு புல்லை எடுத்து மந்திரித்து பிரம்மசிரம் என்ற அஸ்திரத்தை விடுகிறான். அர்ச்சுனனும் எதிராக விடுகிறான். உலகம் எரிந்துபோகும் என்று வியாசரும் நாரதரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். அர்ச்சுனன் தன் அஸ்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. தன்னடக்கத்தில் தேறியவன்தான் அதைத் திரும்ப அழைக்க முடியும். விடத் தெரிந்தவனுக்கு வாங்கத் தெரியவில்லை; அது கருவில் இருந்த குழந்தையின் மேல் போகிறது. அர்ச்சுனன் தேறியது பறவைப் பரீட்சையில் என்று இனி நான் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில்தான் தேறினான்.

இயாய்தோ என்ற ஜப்பானிய வாள் கலையில் வாளை உருவுவது, வெட்டுவது, ரத்தத்தை உதறுவது, உறையில் திரும்பச் சேர்ப்பது ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் பழகுகிறார்கள். சேர்க்கும்போதும் மனம் விழித்திருக்க வேண்டும். கண் எதிராளியைவிட்டு விலகாது. வெர்ஜிலின் அசைவுகள் எல்லாம் அந்தக் கலையை ஒட்டியவை. வாளை மெதுவாக உறையில் சேர்க்கிறானே, அதை வெறும் ஸ்டைல் என்று பல மாதம் நினைத்திருந்தேன்.

ஆட்டத்தை விடவில்லை. என் கைக்கும் மனத்துக்கும் அது நல்லது செய்திருக்கிறது. பட்டறையில் அவசர ஆர்டர் வந்து நான்கு பேர் கத்தும்போது மெல்ல நடக்க எனக்கு அது சொல்லிக்கொடுத்தது. ஹெட்போன் மட்டும் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து, அறைக் கதவைத் திறந்து வைத்து ஆடுகிறேன். முன்னைவிட அதிகம் தோற்கிறேன். அடுத்தடுத்து மூன்று, அந்த ஆடி ராத்திரிக்குப் பிறகு ஒருமுறைகூட விழவில்லை.

போன வியாழக்கிழமை இரண்டு விழுந்துவிட்டது. மீட்டர் நிறைந்திருந்தது. மூன்றாவதற்காகப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன். உள்ளேயிருந்து "கண்ணு" என்று கேட்டது. கட்டைவிரல் எழுந்துவிட்டது, வெட்டு நேரம் தப்பி வெறும் காற்றில் போனது. எழுந்து போனேன். அம்மா தண்ணீர் கேட்கவில்லை. மணி என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்பதே கால் என்றேன்.