சேவை முகப்பில் மொழியும் அறமும்

அரசு ஊழியர் தம் முன் நிற்பவருக்குப் புரியும் மொழியில் பேச வேண்டுமா, அரசு வகுத்த மொழியில் பேச வேண்டுமா என்ற கேள்வி சிங்கப்பூரில் 1979 செப்டம்பரில் கூர்மையடைந்தது. அந்த மாதம் பிரதமர் லீ குவான் இயூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது சீனர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியவை ஹொக்கியன், தியோச்சு, கேண்டனீஸ் போன்ற கிளைமொழிகள்; மாண்டரின் பள்ளியில் கற்கும் மொழி. அலுவலக முகப்புகளிலும் மருத்துவமனைகளிலும் சீன ஊழியர்கள் மாண்டரினில் பேசப் பணிக்கப்பட்டனர். முதியோரிடம் பேசும்போது மட்டும் விலக்கு இருந்தது.

இந்த ஆணைக்குப் பின்னால் ஓர் அறக்காரணம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஹொக்கியன் பேசும் எழுத்தர் தம் இனக்குழுவினரிடம் நெருக்கம் காட்டினால், வரிசையில் அடுத்து நிற்கும் கேண்டனீஸ்காரர் அந்நியராகிவிடுகிறார். எந்தக் குழுவின் வீட்டுக்கும் உரியதல்லாத மொழி எல்லோரையும் ஒரே தொலைவில் நிறுத்துகிறது. பண்டைச் சீனச் சிந்தனையாளர் மோசி வலியுறுத்திய பாரபட்சமற்ற அன்புக்கு இந்த வாதம் நெருங்கி வருகிறது. கன்பூசியஸும் பழம்பாடல்களை ஓதும்போதும் சடங்குகளின்போதும் பொது உச்சரிப்பையே கையாண்டார் என்று அவருடைய உரையாடல் தொகுப்பு கூறுகிறது.

ஆனால் அந்தத் தொகுப்பு அவ்வழக்கத்தை ஓதலோடும் சடங்கோடும் நிறுத்திக்கொள்கிறது. கன்பூசிய நெறியில் அன்பு வீட்டில் வேர்விட்டு வெளியே படர்வது. தன் வீட்டு மூத்தோருக்குத் தரும் மதிப்பைப் பிறர் வீட்டு மூத்தோருக்கும் நீட்டுவது நல்லாட்சிக்கு அடிப்படை என்றார் அந்நெறியின் சிந்தனையாளர் மென்சியஸ். அந்த நீட்சி நாள்தோறும் சோதனைக்குள்ளாகும் இடம் அரசு முகப்பு. வலியைத் தியோச்சுவில் மட்டுமே விவரிக்கத் தெரிந்த மூதாட்டியிடம் மொழிச் சீர்மையை எதிர்பார்ப்பது மரியாதையைத் தலைகீழாக்குவதாகும். விலக்கு அளித்தவர்களும் இதை உணர்ந்தே அளித்திருக்க வேண்டும்.

விலக்கு நிலைக்க, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஊழியர் வேண்டும். கிளைமொழித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 1980களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன; பள்ளிகளில் அம்மொழிகளுக்கு இடமில்லை. கிளைமொழி சந்தைப் பேச்சு, மாண்டரின் படித்தவர் பேச்சு என்ற எண்ணமும் வேரூன்றியது. அடுத்த தலைமுறை ஊழியர்கள் பாட்டியின் மொழி அறியாமலே பணிக்கு வந்தார்கள். அதே பத்தாண்டில், 1984 முதல், பள்ளிகளில் கன்பூசிய நன்னெறி விருப்பப் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. மூத்தோரைப் பேணச் சொல்லிக்கொடுத்த அரசு, மூத்தோருடன் பேசும் வழியை அடைத்தது; இந்த முரண் வருந்தத்தக்கது.

மாண்டரினைப் போலவே தமிழும் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. அந்தத் தகுதி எந்தக் கிளைமொழிக்கும் இல்லை. ஆகவே தியோச்சு மூதாட்டிக்கு எதிரே இருப்பவரின் பரிவே துணை. அந்தப் பரிவு முற்றிலும் மறைந்துவிடவில்லை: 2020 கிருமித்தொற்றுக் காலத்தில் அரசே கிளைமொழிகளில் அறிவிப்புகளை வெளியிட்டது. இளம் தாதியர் ஹொக்கியன் சொற்களைக் கற்றுக்கொள்வதும் உண்டு.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் கிளைமொழி பேசுவோர் 8.7 விழுக்காடு, மாண்டரின் பேசுவோர் 29.9, ஆங்கிலம் பேசுவோர் 48.3. ஆங்கிலமே இயல்பாக வரும் இளம் சீன ஊழியரின் முகப்பில் மாண்டரின் மட்டும் அறிந்த முதியவர் வந்து நிற்கும்போது, 1979இன் கேள்வி இம்முறை மாண்டரினை முன்வைத்தே எழுகிறது.