கணக்குக் கேட்பவரின் கடமை

பொறுப்புக்கூறல் என்னும் சொல் அரச நிறுவனங்களில் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே வழங்கி வருகின்றது. பிந்தி வந்த எழுதுவினைஞரிடம் விளக்கம் கோரப்படுகின்றது. அவருக்குரிய பதவியுயர்வு பிந்துமாயின் யாரிடம் விளக்கம் கோருவது?

வன்னியில் இவ்வினா பொருளுடையது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம் 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாக இயங்குகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் அமைந்துள்ளன. பொதுமக்கள் வரிப்பணத்தில் இயங்கும் இவற்றில் பணிபுரியும் ஒவ்வொருவரும் மக்களுக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவரே. ஆனால், அக்கணக்கு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வன்னி விவசாயி இதற்கு விடையறிவான். வாய்க்காலில் நீர் வராதபோது அவன் மதகு திறப்பவனைக் கேட்பான். குளத்தில் நீர் இருந்ததா, மதகு பழுதுபார்க்கப்பட்டதா என்பதையும் கேட்பான். இரண்டும் இருந்தும் திறவாதவனே குற்றவாளி. ஆளணியும் கருவியும் வழங்காமல் வேலையை மட்டும் அளப்பது நீதியாகாது. அதேவேளை, கோப்பை வேண்டுமென்றே தேக்குவதையும், வேண்டியவருக்கு ஒரு நீதி ஏனையோருக்கு வேறொரு நீதி என நடப்பதையும் வளப் பற்றாக்குறையால் நியாயப்படுத்த இயலாது.

வேலைநிறுத்தத்தின்போது இச்சிக்கல் கூர்மையடைகின்றது. 2024 மே 2 அன்று நாடெங்கும் அரச பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர் சம்பளக் கோரிக்கையை முன்வைத்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. நூலகமும் ஆய்வுகூடமும் பரீட்சைக் கிளையும் எவருடைய உழைப்பால் இயங்குகின்றன என்பது அப்போது பலருக்கும் புலனாயிற்று. ஆயினும் சம்பளத்தைத் தீர்மானிப்போர் வேறு, கல்வியை இழந்த மாணவர் வேறு. முறையான கோரிக்கை செவிமடுக்கப்படாதவிடத்து, அவ்விழப்புக்கு முதற்பொறுப்பு அதிகாரமுடையோரையே சாரும். எனினும் ஊழியரிடமும் ஒரு பங்கு எஞ்சுகின்றது. எப்பணியை நிறுத்தலாம், விடுதிக்கு நீர் வழங்கல் போன்று எதனை நிறுத்தலாகாது எனத் தேர்பவர் அவரே.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், ஊழியர் முறையீடு செய்வதற்கென மேன்முறையீட்டுச் சபையொன்றை ஏற்படுத்தியது. குற்றஞ்சாட்டப்படுபவர் மறுமொழி கூற இடமிருந்தாலன்றிப் பொறுப்புக்கூறல் வெறும் தண்டனையாகிவிடும் என்னும் அறம் இதனுள் அடங்கியுள்ளது.

எனவே, அதிகாரம் மிகுந்தவர் முதலிற் கணக்குக் காட்டுதல் வேண்டும். அதன்பின்னரே ஏனையோரிடம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டாகும். அவ்வாறு கேட்கப்படும்போது மறுமொழி கூறாதிருக்கும் உரிமை எந்த ஊழியருக்கும் இல்லை.