பார்பியானாவின் பள்ளி இறைப்பணியா?

1954 டிசம்பரில், 31 வயது கத்தோலிக்கக் குரு லொரென்சோ மிலானி இத்தாலியின் தஸ்கனி மலைகளில் உள்ள பார்பியானாவுக்கு அனுப்பப்பட்டார். மேலிடத்துக்கு ஒவ்வாதவரை ஒதுக்கிவைத்த இடமாற்றம் அது. சிதறிக் கிடந்த குடியானவர் வீடுகளின் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி தொடங்கினார். ஞாயிறும் விடுமுறை இல்லை. ஆன்மாக்களைப் பேண வந்தவர் செய்தித்தாளும் மொழியும் கற்பித்தது கடமை தவறியதாகாதா? ஆகாது என்பேன். விசுவாசம் மனம் ஒப்பி ஏற்பது. பிரசங்கத்தின் சொற்களே விளங்காதவர் எதற்கு ஒப்புவார்? தலையாட்டுவார், அவ்வளவுதான். முந்தைய பங்கான சான் தொனாத்தோவில், தொழிலாளர்கள் தயங்காமல் வர வேண்டுமென்று வகுப்பறையின் பாடுபட்ட சிலுவையையே மிலானி இறக்கிவைத்தார். அதை விசுவாசக் குறைவாக நான் பார்க்கவில்லை; யாரையும் வற்புறுத்தாத விசுவாசம் அது.

மொழி கற்பிக்க அரசு ஆசிரியர் போதாதா என்று கேட்கலாம். அரசுப் பள்ளி ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியடையச் செய்து வெளியே தள்ளியதைத்தான் பார்பியானா மாணவர்கள் 1967-இல் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ நூலில் கணக்குகளோடு காட்டினார்கள். இன்னொரு மறுப்பு கனமானது: சில பிள்ளைகள் மீதான பற்று கடவுளின் இடத்தைப் பிடித்துவிடாதா? கடவுளைவிட அவர்களையே அதிகம் நேசித்ததாக மிலானியே தம் உயிலில் ஒப்புக்கொண்டார். ஆனால் யோவானின் முதல் திருமுகம் அன்பின் சோதனையைக் கண்ணெதிரே நிற்கும் மனிதரிடமே வைக்கிறது. அந்தச் சோதனையில் மிலானி தேறினார் என்றே நினைக்கிறேன். அவரை ஒதுக்கிவைத்த அதே பார்பியானாவுக்கு 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.