மறக்கப்பட்ட அன்பு வீணாகுமா?

ஒருவருக்கு நாம் செய்த நன்மை அவர் நினைவிலிருந்தே அழிந்து போனால், அந்நன்மைக்குப் பொருள் உண்டா? இக்கேள்வியை நூல்களில் தேடிப் படித்தவர் சிலரே. ஆனால் தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேரை இக்கேள்வியோடு வீடு திரும்பச் செய்தது ஒரு திரைப்படம். 1982-ஆம் ஆண்டு பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்து இயக்கிய 'மூன்றாம் பிறை' என்னும் படமே அது. அப்படத்தில் நடித்ததற்காகக் கமல்ஹாசனும், ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவும் தேசிய விருது பெற்றனர். திரைப்படங்களை அதிகம் நாடாத வாசக அன்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

பாக்கியலட்சுமி என்னும் இளம்பெண் கார் விபத்தொன்றில் தலையில் அடிபட்டு நினைவை இழக்கிறாள். உடலால் வளர்ந்தவள், உள்ளத்தால் சிறு குழந்தை. தகாத இடமொன்றில் சிக்கிக்கொண்ட அவளை, சீனு என்னும் இளைஞன் மீட்டு, உதகைக்கு அருகிலுள்ள கேத்திக்கு அழைத்துச் செல்கிறான். அவன் ஒரு பள்ளி ஆசிரியன். விஜி என்று அழைக்கப்படும் அவளைக் குழந்தையாகவே பாவித்து உணவூட்டுகிறான், விளையாட்டுக் காட்டுகிறான், தீங்கு நேராமல் காக்கிறான். பின்னர் வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் செல்கிறான். சிகிச்சை பலிக்கிறது. பழைய நினைவு முழுவதும் திரும்புகிறது; ஆனால் இடைப்பட்ட நாட்கள் அனைத்தும் அழிந்துவிடுகின்றன. பெற்றோருடன் ரயிலில் அமர்ந்திருக்கும் அவளை நோக்கிக் கொட்டும் மழையில் சீனு ஓடி வருகிறான். அவளைச் சிரிக்க வைத்த பழைய குரங்கு ஆட்டத்தையெல்லாம் ஆடிக் காட்டுகிறான். யாரோ ஒரு பித்தன் என்று எண்ணி அவள் பார்க்கிறாள். ரயில் நகர்ந்துவிடுகிறது.

மருத்துவ நோக்கில் நினைவு இப்படி முழுமையாக மறைந்து மீள்வது மிக அரிது. ஆயினும் கதை எழுப்பும் அறக்கேள்வி மெய்யானது.

முதலில், அப்பெண் நன்றி கொன்றவளா? இல்லை என்றே நடுநிலையாளர் எவரும் கூறுவர். திருக்குறளில் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரமே உண்டு. ஆனால் மறக்கலாகாது என்னும் அறிவுரை, நினைவில் கொள்ள வல்லவருக்கே பொருந்தும். வேண்டுமென்றே புறக்கணிப்பது குற்றம். நினைவே அழிந்துபோவது நோய். கண்ணில்லாதவரைப் பார்த்து, ஏன் என்னைக் காணவில்லை என்று கோபித்துக்கொள்வார் உண்டோ?

அடுத்த கேள்வியே கடினமானது. பெற்றவளுக்கே தெரியாமற்போன சீனுவின் அன்பு வீணாயிற்றா? இதற்கு விடை தேடுகையில் என் வீட்டு அனுபவமொன்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை.

என் தமக்கைக்கு வயது எண்பத்து மூன்று. நாங்கள் தாயை இழந்தபோது எனக்கு ஆறு வயது. அன்று முதல் எனக்குத் தலைவாரிப் பின்னலிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள் அவளே. நான் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லத் தன் இரு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். சில ஆண்டுகளாக அவளை மறதிநோய் பற்றிக்கொண்டுள்ளது. அவள் இப்போது என்னுடன் இருக்கிறாள். மாலையானால் என் முகத்தை உற்று நோக்கி, "யார் வீட்டுப் பெண்ணம்மா நீ?" என்று கேட்கிறாள்.

தொடக்கத்தில் நான் செய்த தவற்றை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் கேள்வி கேட்டே பழகிய வாய் அல்லவா? காலையும் மாலையும், "அக்கா, என்னைத் தெரிகிறதா? என் பெயர் என்ன, சொல்லுங்கள்" என்று கேட்பேன். பழைய புகைப்படங்களை எடுத்து வைத்து, இது யார், அது யார் என்று வற்புறுத்துவேன். பாடம் படிக்காமல் வந்த மாணவியைப்போல அவள் தலை குனிவாள். புடவைத் தலைப்பைத் திருகுவாள். சிறிது நேரத்தில் என் கேள்வி அவளுக்கு மறந்துவிடும். ஆனால் அந்தக் கலக்கம் மட்டும் நெடுநேரம் முகத்தில் தங்கியிருக்கும். இரவில் உணவை ஒதுக்கிவிடுவாள்.

இது என் மனப்பிரமை அன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நினைவிழந்தவர்களுக்குத் துயரமும் மகிழ்ச்சியும் தரும் திரைப்படக் காட்சிகளைக் காட்டிச் சோதித்து, 2010-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். கண்ட காட்சியை அவர்கள் விரைவில் மறந்தனர். ஆனால் காட்சி எழுப்பிய உணர்ச்சி அவர்களை விட்டு நீங்கவில்லை. அல்சைமர் நோயாளர் பதினெழுவரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரியவந்தது. நிகழ்ச்சி அழிகிறது, அது விட்டுச்சென்ற சுவை நாவில் தங்குகிறது. அப்படியாயின், நான் நாள்தோறும் அவள் உள்ளத்தில் எதை விட்டுச் சென்றேன்? அச்சத்தையன்றோ!

ஒருநாள் அந்தப் படத்தின் இறுதிக் காட்சியை மீண்டும் காண நேர்ந்தது. மழையில் சேறு படிய ஆடும் சீனுவிடம் என்னையே கண்டேன். "என்னை நினைவுகூர்" என்பதுதான் அவன் ஆட்டத்தின் பொருள். என் கேள்விகளின் பொருளும் அதுவே. அவனை நான் பழிக்கமாட்டேன். அது மனித இயல்பான துயரம். ஆயினும் அந்த ஓட்டத்தில் பற்று கலந்திருக்கிறது. அன்புக்குரிய பங்கைத் திருப்பிக் கேட்கும் குரல் இருக்கிறது. அவனுடைய அன்பு தூய்மையாக விளங்கிய இடம் வேறு. வைத்தியர் வீட்டுக்கு அவளை அழைத்துச் சென்றானே, அந்த வழியில்தான் அது விளங்கியது. அவள் குழந்தையாகவே இருந்தால் என்றும் தன்னுடன் இருப்பாள் என்று அவன் நினைத்திருக்கலாம். ஆயினும் அவள் நலம் பெறவேண்டும் என்றே விரும்பினான். அவள் இன்று தன் பெற்றோரிடம் தன் அறிவோடு வாழ்கிறாள் என்றால், அவன் செய்தது முழுமையாக நிறைவேறிவிட்டது. அவள் அறியாள் என்பதனால் அதில் ஓர் அணுவும் குறையவில்லை.

என் வீட்டில் நிலைமை தலைகீழ். அங்கே பெற்றவள் மறந்தாள். இங்கே கொடுத்தவளே மறந்துவிட்டாள். அந்த வளையல்கள் அவள் நினைவில் இல்லை. ஆனால் அவற்றால் நான் கற்ற கல்வி, என்னிடம் எழுத்தறிந்த பிள்ளைகளின் கைகளில் இன்றும் இருக்கிறது. அப்பிள்ளைகளுள் பலருக்கு என் பெயர்கூட நினைவிராது. 'அ' என்னும் எழுத்தை மறவாதிருந்தால் எனக்கு அது போதும்.

மூன்றாம் பிறை அந்தி வானில் சிறிது நேரமே தோன்றி மறையும். கண்ணுக்கு மறைந்ததனால் நிலவு இல்லாமற் போய்விடுமா?

இப்போது நான் தமக்கையிடம் கேள்வி கேட்பதில்லை. அவள் "யார் வீட்டுப் பெண்ணம்மா நீ?" என்று கேட்டால், "உங்கள் வீட்டுப் பெண்தான் அக்கா" என்கிறேன். சிரிக்கிறாள். அருகில் அமர்ந்து அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். யார் வாரினார் என்பது அவளுக்கு மறந்துபோகும். அன்றிரவு மட்டும் அமைதியாக உண்டு உறங்குகிறாள்.