கேட்டு வாங்குவதும் எடுத்துக்கொள்வதும்

கையெழுத்து போட்டாச்சு, அப்புறம் என்ன பேச்சு? வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், சில வாரம் கழித்து கிரெடிட் கார்டு கணக்கில் புரியாத தொகை ஒன்று கழிந்திருக்கிறது என்று சொல்லும்போது நாம் வழக்கமாகக் கொடுக்கும் பதில் இது. படிச்சுப் பார்த்துட்டுத்தானே கையெழுத்து போடணும் என்போம். இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அந்தப் பணம் கொடுக்கப்பட வேண்டியதுதானா என்பது அந்தக் கேள்வி. கொடுக்கப்பட வேண்டிய பணமாகவே இருக்கட்டும், அதை நம்மிடம் கேட்காமல் ஒருவர் எடுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ஒப்பந்தத்தைப் புரட்டினால் பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு ஒப்பந்தம் மட்டும் போதாது.

நண்பர் ஒருவருக்கு நடந்ததை வைத்துப் பேசினால் விஷயம் தெளிவாகும். மனைவியோடு இத்தாலிக்குப் போயிருந்தார். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஃபுளோரன்ஸ் நகரின் நடுவில் இருந்த ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்கினார். கோலாலம்பூர் திரும்பி இரண்டு மாதம் ஆன பிறகு, அவர் கார்டிலிருந்து 45 யூரோ வீதம் மூன்று முறை கழிக்கப்பட்டிருந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 670 ரிங்கிட். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. என்னவென்று கேட்டு எழுதியதற்கு, அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் மட்டும் பதிலாக வந்தது.

அந்த 45 யூரோ அபராதம்கூட இல்லை. இத்தாலிய நகரங்கள் பலவற்றின் பழைய மையப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள்தான் நுழையலாம். ஸெட்.டி.எல் என்று அதைச் சொல்கிறார்கள். குறுகலான கல் தெருக்கள், அங்கே குடியிருக்கும் மக்கள், நூற்றாண்டுகள் கடந்து நிற்கும் கட்டடங்கள். கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. நுழைவாயிலில் தடுப்புக் கம்பம் இருக்காது. ஒரு பலகையும் கேமராவும் மட்டும் இருக்கும். அனுமதி இல்லாத வண்டி எண் பதிவாகிவிடும், நுழைந்த ஒவ்வொரு முறையும் தனித்தனியாக. போலீஸ் வண்டியின் உரிமையாளரிடம், அதாவது வாடகை நிறுவனத்திடம், அன்று யார் ஓட்டினார் என்று கேட்கும். நிறுவனம் பெயரையும் முகவரியையும் கொடுக்கும். அப்படிக் கொடுத்த வேலைக்கான கூலிதான் அந்த 45 யூரோ. அபராதம் தனியாக, பிறகு வரும்.

இதில் நண்பருக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஹோட்டல்கள் விருந்தினரின் வண்டி எண்ணைப் பதிவு செய்து அனுமதி வாங்கித் தர முடியும். வரவேற்பில் தன் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள் என்கிறார் அவர். அவர் சொல்வது சரியாக இருக்கலாம், ஹோட்டலில் மறந்திருக்கலாம், நேரம் தவறிப் பதிந்திருக்கலாம். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அந்த நிறுவனத்துக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே அதற்கு இல்லை. அவர் குற்றவாளியோ இல்லையோ, பெயரைக் கொடுத்ததற்குக் கூலி வந்துவிட்டது.

இப்போது அதே நகரத்தின் அரசு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். இத்தாலியச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத அறிவிப்பு 360 நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். எந்த இடம், எந்த நேரம், எந்த விதி என்று அதில் எழுதியிருக்கும். ஏற்றுக்கொண்டு 5 நாட்களுக்குள் கட்டினால் 30 விழுக்காடு கழிவு உண்டு. மறுப்பதானால் நீதிபதியிடம் போக 60 நாள், மாவட்ட அரசு அதிகாரியிடம் முறையிடவும் 60 நாள். இது ஒன்றும் தாராள குணமில்லை. ஆனால் போலீஸையும் நீதிமன்றத்தையும் கையில் வைத்திருக்கும் அரசு முதலில் கடிதம் போட்டுக் கேட்கிறது, காரணம் சொல்கிறது, மறுத்துப் பேச நாள் கொடுக்கிறது. அந்த அதிகாரம் எதுவும் இல்லாத தனியார் நிறுவனம் நேராகக் கையை விட்டு எடுத்துக்கொள்கிறது. யாருக்கு அதிகாரம் கூடுதல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இங்கே தலைகீழாகிறது.

இது நடப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எளிமையானது. கார் எடுக்கும்போது முகப்பில் கார்டைக் கேட்பார்கள். வாடகை போக, ஒரு தொகையைப் பிணையாக நிறுத்தி வைப்பார்கள். அது கணக்கிலிருந்து போகாது, ஆனால் நாமும் செலவு செய்ய முடியாது. காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு அது விடுபடும். பிணை விடுபட்டதும் கணக்கு முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கார்டின் விவரம் அவர்கள் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது, பின்னால் வரும் கட்டணங்களை அதில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கிறது. அந்தப் பரிவர்த்தனையை வணிகர் தன் பக்கமிருந்தே தொடங்கலாம். நாம் அங்கே இருக்க வேண்டியதில்லை, பின் எண்ணும் தேவையில்லை. மலேசியாவில் 2017 ஜூலை 1 முதல் கையெழுத்துக்குப் பதிலாகப் பின் எண்ணைக் கட்டாயமாக்கினார்கள். இன்றும் கடையில் 250 ரிங்கிட்டைத் தாண்டினால், கல்லாவுக்கு எதிரே நிற்கும் நம்மிடமே இயந்திரம் ‘நீதானா?’ என்று கேட்கிறது. கண்டத்துக்கு அப்பால் இருப்பவர் இரண்டு மாதம் கழித்து எடுக்கும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. எப்போதோ ‘ஆமாம், நான்தான்’ என்று சொன்னது இன்னும் செல்லுபடியாகிறது.

ஒருமுறை சொன்ன சம்மதம் எவ்வளவு தூரம் நீளும்? தத்துவத்தில் இது பழைய கேள்வி. ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் சுதந்திரமாகப் பயணம் செய்பவர்கூட அந்த நாட்டின் அரசுக்கு மௌனமாகச் சம்மதம் கொடுத்தவர்தான் என்றார் ஜான் லாக். டேவிட் ஹியூம் இதை ஏற்கவில்லை. தூங்கும்போது கப்பலில் தூக்கி வைக்கப்பட்ட ஒருவன், கடலில் குதிக்காமல் கப்பலிலேயே இருக்கிறான் என்பதற்காகத் தலைவனின் ஆட்சிக்கு அவன் சம்மதித்துவிட்டான் என்று சொல்ல முடியுமா என்று 1748-இல் எழுதினார். நள்ளிரவு விமானத்தில் வந்திறங்கி, குழந்தை ஒரு பக்கம் அழ, பின்னால் வரிசை நிற்க, பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தின் முன் நிற்பவர் கடலில் குதிக்க வேண்டியதில்லைதான். ஆனால் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்நேரத்தில் எங்கே போவார்?

நீதிமன்றங்களும் இரண்டு பக்கமும் நின்றிருக்கின்றன. இங்கிலாந்தில் 1934-இல் ஒரு வழக்கு. காப்பிக் கடை நடத்திய பெண் ஒருவர் சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் வாங்கினார். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. பழுப்புத் தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த நிபந்தனை நிறுவனத்தின் பொறுப்பை நீக்கிவிட்டது. படித்தாரோ இல்லையோ, கையெழுத்திட்டவர் கட்டுப்பட்டவர் என்றது தீர்ப்பு. 44 ஆண்டு கழித்து, 1978-இல், கனடாவின் ஒண்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வாடகைக் கார் வழக்கு ஒன்றே வந்தது. வான்கூவர் விமான நிலையத்தில் கார் எடுத்தவர் கூடுதல் பணம் கட்டிச் சேதப் பாதுகாப்பு வாங்கியிருந்தார். விபத்து நடந்தது. ஓட்டுநர் துளி மது அருந்தியிருந்தாலும் பாதுகாப்பு செல்லாது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருந்தது. அவசரத்தில் கையெழுத்திடுபவர் இதையெல்லாம் படிக்கவில்லை என்பது நிறுவனத்துக்கே தெரியும், இவ்வளவு கடுமையான நிபந்தனையை அவர் கவனத்துக்குக் கொண்டுவர நியாயமான முயற்சி எடுக்காமல் அதை அவர்மேல் சுமத்த முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் சேர்த்த பகுதியும் பொடி எழுத்தை ஒப்பந்தத்தின் நியாயத்தை அளக்கும் அம்சங்களில் ஒன்றாக எண்ணுகிறது.

எனக்கு இந்த இரண்டாவது பக்கம் பிடித்திருக்கிறது. ஆனாலும் அது முழுப் பதில் இல்லை. நிபந்தனையைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, ஊழியர் வாய்விட்டுப் படித்துக் காட்டி, நாமும் தலையாட்டிக் கையெழுத்திட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மூன்று முறை கழித்தல் எதையோ மீறுவதாகத்தான் எனக்குப் படுகிறது. ‘இப்படி ஒன்று நடந்தால் நான் பணம் கட்டுவேன்’ என்பது ஒரு வாக்கு. ‘இப்படி ஒன்று நடந்ததா என்பதை நீயே முடிவு செய்து எடுத்துக்கொள்’ என்பது வேறு வாக்கு. முதலாவது கடன். இரண்டாவதில் கடன் கொடுத்தவரே சாட்சி, அவரே நீதிபதி, அவரே வசூலிப்பவர். அபராதக் கூலியில் தொகை சிறியது. பம்பரில் கீறல் என்று சொல்லிப் பிணைத்தொகையிலிருந்து பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்போதும் முறை இதேதான்.

எடுத்த பிறகு மறுக்கலாமே என்று கேட்கலாம். மறுக்கலாம், வங்கியில் அதற்கென்று பாரம் இருக்கிறது. ஆனால் வரிசை மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். கேட்டிருந்தால், நிரூபிக்க வேண்டியவர் கேட்பவர். எடுத்துவிட்டால், நிரூபிக்க வேண்டியவர் பறிகொடுத்தவர். ரசீது தேடுவதும், படம் தேடுவதும், தெரியாத மொழியில் இருப்பவருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் இவர் வேலையாகிறது. அவர் ஒப்பந்த நகலை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம். 670 ரிங்கிட்டுக்காக எத்தனை சாயங்காலம் செலவழிப்பது என்று கணக்குப் பார்த்துப் பலர் விட்டுவிடுவார்கள். பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் காத்திருப்பது சுலபம்.

நிறுவனத்தின் பக்கமும் வலுவான நியாயம் ஒன்று உண்டு. முகம் தெரியாத ஒருவரிடம், பல்லாயிரம் யூரோ பெறுமானமுள்ள வண்டியின் சாவியைக் கொடுக்கிறார்கள். அவர் நாளை விமானம் ஏறிவிடுவார். டோலுக்குப் பணம் கட்டாமல், எண்ணெய் நிரப்பாமல், கதவில் கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கடிதம் போட்டுக் கேட்டால் எத்தனை பேர் பதில் போடுவார்கள்? நாம் யாரென்று தெரியாத ஊரில் நம்மை நம்புவதற்கு கார்டுதான் காரணம். கிரெடிட் கார்டு கிடைக்காத ஏழைக்குப் பல இடங்களில் அந்தச் சாவியே கிடைக்காது. ஆக, எடுக்கும் அதிகாரம் இல்லாவிட்டால் இந்த வசதியே இருக்காது என்கிறார்கள். ஏற்கிறேன். ஆனால் இது பணத்தைப் பிடித்து வைக்க வழி வேண்டும் என்பதற்கான நியாயம். சொல்லாமல் எடுப்பதற்கான நியாயம் இதிலிருந்து வராது.

நம்பிக்கையும் கடனும் சேர்ந்திருந்த ஓர் ஏற்பாடு நம் ஊரிலேயே இருந்தது. மளிகைக் கடையின் 555 புத்தகம். உள்ளங்கை அளவு நோட்டு. அரிசி, மண்ணெண்ணெய், பால் டின் என்று மாதம் முழுக்கக் கடைக்காரர் எழுதிக்கொண்டே வருவார். சம்பள நாளில் கணக்கு பார்ப்பார்கள். “இந்த ரெண்டு டின் நான் வாங்கலையே அண்ணே” என்று சொல்ல இடம் இருந்தது. சில சமயம் சண்டை வரும், சில சமயம் கடைக்காரர் அடித்துவிடுவார். கடைக்காரர் ஏமாற்றியதும் உண்டு, வாங்கியவர் ஏமாற்றியதும் உண்டு. அதைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடன்பட்டவர் கையாலேயே பணம் மாறியது. மாறுவதற்கு முன் அவர் வாய் திறக்கலாம்.

அந்த உரிமை இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதும் நம் குடும்பங்களுக்குத் தெரிந்ததுதான். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் படிக்கத் தெரியாத தாளில் கைநாட்டு வைத்தார்கள். கப்பல் செலவு கடனாகி, கூலி கைக்கு வருவதற்கு முன்பே பிடிக்கப்பட்டது. அந்த முறை 1910-இல் முடிந்தது. சுற்றுலா போகும் பொறியாளரை அவர்களோடு ஒப்பிடுவது அபத்தம். அவருக்கு நஷ்டம் சில நூறு ரிங்கிட், அவர்களுக்கு வாழ்க்கை. அந்தப் பிடித்தத்தின் வடிவத்தை மட்டும்தான் நினைவுபடுத்துகிறேன். சம்பளத்தில் கைவைப்பது சாதாரணக் கடன் வசூல் இல்லை என்று பின்னால் வந்த சட்டமும் ஒப்புக்கொண்டது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியலிடுகிறது, சிலவற்றுக்குத் தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் என்கிறது, பொதுவாக ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது என்று வரம்பு போடுகிறது. முதலாளி உண்மையிலேயே கடன் கொடுத்திருந்தாலும் இந்த விதிகள் பொருந்தும்.

வாடகைக் காருக்கும் இதே அளவு மரியாதை போதும். எடுப்பதற்கு முன் ஒரு செய்தி: இந்தத் தொகை, இந்தக் காரணம், இதோ சான்று. பதில் சொல்ல 14 நாள். பதில் வராவிட்டால் எடுத்துக்கொள்ளட்டும். வந்தால் படிக்கட்டும். வண்டி எண்ணையும் ஓட்டுநரையும் போலீஸுக்குப் பொருத்திக் கொடுக்கத் தெரிந்த மென்பொருளுக்கு இதை ஓட்டுநருக்கும் ஒரு பிரதி அனுப்பத் தெரியாமல் போகாது. சந்தா, மின்பணப்பை, தானாகக் கழியும் தவணை என்று இப்படிப்பட்ட அமைப்புகளை எழுதித் தரும் வேலையில் என் தலைமுறைப் பொறியாளர்கள் பலர் இருக்கிறார்கள். எடுப்பதற்கு முன் ஒரு நிறுத்தம் வைப்பதா வேண்டாமா என்பது எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ முடிவு செய்வது. அந்தக் கூட்டத்தில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

இதனால் சில கடன்கள் வசூலாகாமல் போகும். சிலர் பொய்ச் சாக்கு சொல்வார்கள். அந்த இழப்பைச் சரிக்கட்ட நாள் வாடகை கொஞ்சம் ஏறக்கூடும். ஏறட்டும். என்னிடம் கேட்டுவிட்டு வாங்குவதற்கு ஆகும் செலவு அது. அதை நான் கட்டத் தயார்.