படிக்காசு சொல்லும் பாடம்



எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருளை முன்னிட்டு, இம்மடலில் பஞ்சத்தைப் பற்றியும், பஞ்சம் வந்துவிடுமோ என்ற பயத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன். இரண்டும் ஒன்றல்ல.

2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மழை சரியில்லை, உள்நாட்டில் விலை ஏறுகிறது என்ற கவலை அவர்களுக்கு. உடனே அமெரிக்காவிலும் கனடாவிலும் நம்மவர் கடைகளில் வரிசை நின்றது. "குடும்பத்துக்கு ஒரு மூட்டை" என்று கடைக்காரர்கள் எழுதி ஒட்டினார்கள். பிறரைக் குறை சொல்ல அடியேனுக்குத் தகுதி இல்லை. மூன்று கடை ஏறி இறங்கி மூன்று மூட்டை வாங்கி அடுக்கினேன். நான் வாங்கியது புழுங்கலரிசி. அதற்குத் தடையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது! 2024 செப்டம்பரில் தடையும் நீங்கிவிட்டது. அதற்கு முன்பே கடைசி மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது. அன்று எனக்குப் பின்னால் நின்று வெறுங்கையோடு திரும்பியவர் யாரோ, அவர் வீட்டில் என்ன சமைத்தார்களோ!

திருவீழிமிழலையில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். அடியார்கள் வாடுவது கண்டு இருவரும் வருந்த, இறைவன் கனவில் தோன்றி நாள்தோறும் ஆளுக்கொரு காசு தருவதாக அருளினார். அதுவே படிக்காசு. ஒன்றைக் கவனியுங்கள்: இறைவன் நெல்லை மலையாகக் குவிக்கவில்லை, காசு கொடுத்தார். அக்காசைக் கொண்டு கடைவீதியில் பண்டங்கள் வாங்கித்தான் இரு மடங்களிலும் அமுது சமைத்தார்கள். அப்படியானால் பஞ்ச காலத்திலும் கடையில் பண்டம் இருந்திருக்கிறது. இல்லாதவர் கையில்தான் காசு இல்லை.

நம் பெற்றோர் காலத்திலும் இது நடந்தது. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டனர். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரியின் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், ஆங்கில அரசு கரையோர வங்காளத்தில் படகுகளையும் அரிசியையும் கைப்பற்றி அப்புறப்படுத்தியது. தமக்குக் குறைந்துவிடும் என்ற பயத்தில் பிற மாகாணங்கள் தானியத்தை வெளியே விட மறுத்தன. விலை இன்னும் ஏறும் என்று வியாபாரிகள் பதுக்கினார்கள். வசதி உள்ளவர்கள் வாங்கிச் சேர்த்தார்கள். கூலியாட்களும் மீனவர்களும் வாங்க வழியின்றிச் சாலையோரம் விழுந்தார்கள். அவ்வாண்டு வங்காளத்தில் இருந்த உணவு 1941இல் இருந்ததைவிடக் குறைவல்ல என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார். விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. ஆனால் பயம் சட்டமாகவும் பூட்டாகவும் மாறியபோது ஏழையின் தட்டுதான் முதலில் காலியாயிற்று என்பதில் ஐயமில்லை.

நாளைக்கென்று சேமிப்பது தவறா? இல்லை. எண்ணிப் பார்த்து வைப்பது விவேகம். எண்ணிப் பாராமல் கதவைச் சாத்துவதே பயம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் கோயிலிலும் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் கூட்டம் பெருகிவிட்டது. மாணவர்களும் புதிதாகக் குடியேறியவர்களும் வருகிறார்கள். ஆகவே சந்தா செலுத்தும் குடும்பங்களுக்கு மட்டும் சீட்டுக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நான் சமையற்கட்டில் போய் விசாரித்தேன். ஒரு வெள்ளிக்கிழமையாவது சோறு போதாமல் போனதுண்டா என்று கேட்டேன். "இல்லை ஐயா, அண்டா கழுவத்தான் ஆள் போதவில்லை" என்றார்கள்.

திருவீழிமிழலையில் அடியார் எல்லோரும் வந்து உண்க என்று இருபொழுதும் பறையறிவித்து அல்லவா அழைத்தார்கள்? அதுவும் பஞ்ச காலத்தில்! இன்னொன்றும் அங்கே நடந்தது. சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்குக் கடைக்காரர் வட்டம் கேட்டதால் அவர் மடத்தில் அமுது தாமதமாயிற்று. பின்னர் அவர் பதிகம் பாடி நற்காசு பெற்றார். அப்பரடிகள் காசுக்கோ முதலிலிருந்தே வட்டம் இல்லை. உழவாரம் ஏந்திக் கையால் தொண்டு செய்தவர் அவர்; அதனால்தான் என்கிறார் சேக்கிழார்.

ஆகவே அன்பர்களே, சீட்டு அச்சடிப்பதற்கு முன் வரும் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் சமையற்கட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அடியேனும் அண்டா கழுவ நிற்பேன். நம் கோயிலில் உண்மையிலேயே குறைவாக இருப்பது எதுவென்று அங்கே எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

திருச்சிற்றம்பலம்.